பிறந்தநாளுக்கு ஒரு ரொட்டிக் கடை, ஒரு பலூடாக் கடை, ஒரு கொத்துக் கடை

திருகோணமலையில் பிள்ளைகளின் பிறந்தநாள் பார்ட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கின்றன. ஆறரைக்கு வரச் சொல்வார்கள். சொந்தக்காரர் எல்லாரும் வந்து சேர எட்டு மணியாகும். அதுவரை கேக்கைத் தொடக்கூடாது. பலூன் வளைவுக்கு முன்னால் நிறுத்தி நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு ஒரு பெட்டிக்குள் ஒரு றோல்ஸ், ஒரு பற்றிஸ், ஒரு துண்டு கேக், இரண்டு ரொபி. பிள்ளைக்குப் பசி வந்து, பசி போய், நித்திரை வரும் நேரத்தில் சாப்பாடு கைக்கு வருகிறது. இவ்வளவு செலவழித்துச் செய்கிற ஒன்றில் பிள்ளைக்கென்று எதுவுமே இல்லாமல் போவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரே ஒரு சாப்பாட்டைத் தெரிவு செய்யுங்கள். அதைப் பிள்ளைகளே செய்யட்டும். அதுவே விளையாட்டு, அதுவே இரவுச் சாப்பாடு, அதுவே அலங்காரம். சுவரில் பீட்சா படம் ஒட்டிவிட்டுக் கடையில் பீட்சா வாங்கி வைப்பதால் பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடைக்காது. தெரிவு செய்கிற சாப்பாடு மூன்று விஷயத்தில் சரியாக இருக்க வேண்டும்: ஒரு பிள்ளை தன் பங்கைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கக்கூடியதாக, கொஞ்சம் பிழைத்தாலும் சாப்பிடக்கூடியதாக, செய்த சூட்டோடு வாய்க்குப் போகக்கூடியதாக. அப்பம் முதலாவதில் விழுந்துவிடும், தாச்சியைச் சுழற்ற ஒரு கைப்பழக்கம் வேண்டும். இடியப்பம் பிழியச் சின்னக் கைக்குப் பலம் போதாது. தேங்காய்ப்பூ ரொட்டி மூன்றுக்கும் பொருந்தும்.

ஐந்து வயது தொடக்கம் ஒன்பது வயது வரை ரொட்டிக் கடைதான் என் முதல் தெரிவு. கோதுமை மா 500 கிராம், நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பூ, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் 200 மில்லிலீற்றர். தண்ணீரை 250 வரை கூட்டலாம், ஆனால் முதலிலேயே ஊற்ற வேண்டாம். புதுத் தேங்காயில் ஈரம் நிறைய இருக்கும், பிசையப் பிசைய அது வெளியே வரும். மா சேர்ந்து உருண்டதும் நிறுத்தி, ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். அதிகம் பிசைந்தால் ரொட்டி தோல் போல இழுபடும். இந்த அளவில் 75 கிராம் உருண்டைகள் 12 வரும்.

வாழையிலையைச் சதுரமாக வெட்டி, நெருப்பில் ஒரு தரம் வாட்டி எடுங்கள். வாட்டாத இலை பிள்ளையின் கையில் கிழியும். இலையில் எண்ணெய் பூசி, நடுவில் உருண்டையை வைத்து, நாலு விரலாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அமர்த்தச் சொல்லிக் கொடுங்கள். ஐந்து அங்குல அகலத்துக்கு வந்தால் தடிப்பு அரை சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், அதுதான் கணக்கு. எல்லாப் பிள்ளையும் ஓரத்தைத்தான் அமர்த்தும், நடு மேடாக நிற்கும், அந்த நடு வேகாது. சுடுவதற்கு முன் ஒரு பெரியவர் நடுவை விரலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். மா இலையில் ஒட்டிக்கொண்டு பிள்ளை சிணுங்கத் தொடங்கினால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள்: இரண்டு மேசைக்கரண்டி மா தூவி உருண்டையை மறுபடி உருட்டிக் கொடுங்கள். பச்சை மாவை வாயில் போட விட வேண்டாம். கோதுமை மா வேகாத பொருள், அதில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். தேங்காய்ப்பூவை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னட்டும், அதற்கென்றே ஒரு கிண்ணம் தனியாக வையுங்கள்.

சுடுவது பெரியவரின் வேலை. இலையோடு கவிழ்த்துக் கல்லில் போட்டு, இலையை உரித்து, நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். ஒரு கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு ரொட்டி என்றால் 12 பேருக்கு அரை மணி நேரம் போகும். அந்தக் காத்திருப்பில்தான் சண்டையும் அழுகையும் வரும். ஆகவே இரண்டு கல், இரண்டு அடுப்பு, அடுப்புக்கு ஒரு பெரியவர். பதினைந்து நிமிடத்தில் முடியும். அடுப்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிலத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தன் ரொட்டி தனக்கே வர வேண்டும் என்பதில் பிள்ளைகள் மிகக் கண்டிப்பு. இலைகளை வரிசையாக அடுக்கி, அந்த ஒழுங்கிலேயே சுட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள். தொட்டுக்கொள்ளச் சீனிச்சம்பல், உறைப்பில்லாத பருப்பு, பட்டர் போதும். கட்டைச்சம்பல் பெரியவர்களுக்கு.

எட்டு தொடக்கம் பன்னிரண்டு வயதுக்குப் பலூடாக் கடை. இதில் நெருப்பு வேலை எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும், பிள்ளைகளுக்குக் கலவை வேலை மட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பைக்கற் ஜெலி வேண்டாம், கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சுங்கள். ஜெலற்றினில் செய்த ஜெலி 30 பாகை தாண்டினால் இளகத் தொடங்கும். மே தொடக்கம் ஆவணி வரை, கச்சான் காற்று வீசுகிற பின்னேரத்தில், எங்கள் ஊர் மேசையில் அது தண்ணீராகிவிடும். கடற்பாசி ஒரு தரம் இறுகினால் 85 பாகை வரை சூடாக்கினால்தான் உருகும். அடுத்தது, ஜெலற்றின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவப் பிள்ளை சாப்பிட முடியாது, முஸ்லிம் பிள்ளைக்கு ஹலால் முத்திரை தேட வேண்டும். கடற்பாசி கடலில் விளைவது, நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமானது. மேசையில் இருக்கிற எல்லாப் பிள்ளையும் ஒரே கிண்ணத்திலிருந்து அள்ளலாம். பச்சை அன்னாசி, பப்பாசி போட்டால் ஜெலற்றின் இறுகவே இறுகாது, பழத்தில் இருக்கிற நொதி அதை அறுத்துவிடும். கடற்பாசிக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை.

நார்க் கடற்பாசி 10 கிராமை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு லீற்றர் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பாருங்கள். வழிகிற தண்ணீரில் கண்ணாடி நூல் போல மெல்லிய இழை ஒன்றுகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் கரையவில்லை, இப்போது ஊற்றினால் மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாகத்தான் நிற்கும். முழுக்கக் கரைந்த பிறகே 150 கிராம் சீனி. தேசிக்காய்ப் புளி விடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள், புளியோடு கொதித்தால் இறுகும் தன்மை குறையும். பால் சேர்ப்பதென்றால் முதலில் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காய்ச்சி, பாலைச் சூடாக்கி ஊற்றுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் கடற்பாசி அந்த இடத்திலேயே திரண்டு திப்பி திப்பியாகும்.

இரண்டு நிறத்தில் அடுக்கு வேண்டுமா? கீழ் அடுக்கை விரலால் மெல்லத் தொட்டால் விரலில் ஒட்டாமல் தடம் மட்டும் விழ வேண்டும், தட்டின் அடி இன்னும் இளஞ்சூடாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த நிறத்தைச் சூடாக, ஒரு கரண்டியின் முதுகில் விழுத்தி ஊற்றுங்கள். கீழ் அடுக்கு முழுக்க ஆறிவிட்டால் இரண்டும் பிடிக்காது, வெட்டும்போது வழுகிப் பிரியும்.

ஒரு கிளாசுக்கு ரோஸ் சிரப் 2 மேசைக்கரண்டி, ஊறிய கசகசா (சப்ஜா விதை) 2, வெட்டிய கடற்பாசி 3, குளிர்ந்த பால் 120 மில்லிலீற்றர், மேலே ஐஸ்கிறீம் ஒரு கரண்டி. 12 பேருக்குப் பால் ஒன்றரை லீற்றர், கசகசா 3 மேசைக்கரண்டியை மூன்று கோப்பைத் தண்ணீரில் 20 நிமிடம் ஊற வைத்தால் போதும். முழுக்க ஊறாத கசகசா தொண்டையில் ஒட்டும், அவசரப்பட வேண்டாம். சிரப் அடியில் போகட்டும், பாலை மெதுவாகச் சரித்து ஊற்றினால் நிறம் பிரிந்து நிற்கும். இதை யார் அழகாகச் செய்கிறார்கள் என்பதே போட்டி. ஐஸ் விஷயத்தில் கவனம்: மீனுக்கு வாங்குகிற பெரிய ஐஸ் கட்டியை ரெஜிபோம் பெட்டிக்குள் பால் போத்தலைச் சுற்றி வைக்கலாம், கிளாசுக்குள் போடக்கூடாது. உள்ளே போடுவது கொதித்தாறிய தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததாக இருக்கட்டும். சிரப் இனிப்பு வேண்டாம் என்கிறவர்கள் கிண்ணியா, தம்பலகாமத்துத் தயிரும் கித்துள் பாணியும் வைத்து, வெட்டிய பழங்களோடு தயிர்க் கடை போடலாம். அதுவும் மிக நன்றாக வரும்.

பதின்மூன்றுக்கு மேலே வந்த பிள்ளைகளுக்குப் பலூனும் தொப்பியும் வைத்தால் ஒரு மூலையில் இருந்து போனைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு உண்மையான வேலை கொடுங்கள், உண்மையான கத்தி கொடுங்கள். கொத்துரொட்டிக் கடை. 10 பேருக்கு ரொட்டி 15, லீக்ஸ், கரட், கோவா ஒவ்வொன்றும் 250 கிராம், பெரிய வெங்காயம் 3, முட்டை 10, ஒரு கிலோ கோழிக்கறி, தடித்த குழம்பு அரை லீற்றர். கோழிக்கறியை முன்னமே சமைத்து எலும்பு நீக்கி வைத்துவிடுங்கள். ரொட்டியைக் கடையில் காலையில் வாங்கி ஆற விடுங்கள். சுடச்சுட இருக்கிற ரொட்டி வெட்ட வெட்டத் திரண்டு களியாகும். வீட்டில் ரொட்டியைக் கல்லில் கொத்தி அரிவது நடக்காது. ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் கத்தரிக்கோலால் நறுக்கி வைப்பதே வசதி, ஒரு குழு இதைச் செய்யட்டும், மற்றக் குழு மரக்கறி வெட்டட்டும். அந்தக் கொத்துச் சத்தம் இல்லாமல் கொத்தா என்று கேட்பார்கள், நியாயம்தான். தடித்த இரும்புக் கல் இருந்தால் இரண்டு தகட்டுக் கரண்டி கொடுத்துக் கடைசி இரண்டு நிமிடம் அடிக்க விடுங்கள். ஒட்டாத பூச்சுப் போட்ட தாச்சியில் வேண்டாம், பூச்சு உரிந்து சாப்பாட்டில் விழும்.

பத்துப் பேரின் பங்கையும் ஒரேயடியாகத் தாச்சியில் கொட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற பிழை. வீட்டு அடுப்பின் சூடு அதற்குப் போதாது. மரக்கறி வதங்காமல் தன் தண்ணீரிலேயே அவியும், அந்தத் தண்ணீரை ரொட்டி குடித்துக் கூழாகும். நாலு தவணையாகப் பிரியுங்கள். நெருப்பை முழுதாக வைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், இஞ்சி உள்ளி. பிறகு மரக்கறி இரண்டு நிமிடம், கடிபடுகிற பதத்திலேயே இருக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு முட்டையை உடைத்து ஊற்றி, முட்டை நன்றாக இறுகிய பிறகே ரொட்டியும் கோழியும். குழம்பு கடைசியில், தவணைக்கு ஐந்து மேசைக்கரண்டி. மிச்சக் குழம்பை மேசையில் வையுங்கள், வேண்டியவர் ஊற்றிக்கொள்ளட்டும். சைவக்காரர் இருந்தால் முதல் தவணை அவர்களுக்கு, முட்டையும் இறைச்சியும் தொடாத கல்லில், தனிக் கரண்டியில். பிறகு அசைவம். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று முதல் நாளே பாருங்கள். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் எட்டரைக்குள் சத்தத்தை நிறுத்துவது மரியாதை.

எங்கள் ஊரில் பார்ட்டிக்குத் திகதி வைப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் சைவம். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு, கோழி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்க வேண்டும். நோன்பு மாதத்தில் பின்னேரம் நாலு மணிப் பார்ட்டி வைத்தால் முஸ்லிம் நண்பர்களை ஒதுக்கியதாகவே ஆகும், நோன்பு திறந்த பிறகு வையுங்கள். கோழி எப்போதும் ஹலால் கடையில் வாங்கினால் அந்தக் கேள்வியே எழாது. ஐப்பசி தொடக்கம் தை வரை மழை, முற்றத்தை நம்ப வேண்டாம்.

அழைக்கும்போதே பெற்றோரிடம் ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள். கச்சான் (நிலக்கடலை), கஜு, இறால், முட்டை, பால் என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும். கச்சான் ஒரு பிள்ளைக்கு ஆகாதென்றால் தனிக் கரண்டி வைத்துச் சமாளிக்கப் பார்க்காமல், அன்றைக்கு அந்த வீட்டிலேயே கச்சான் இல்லாமல் செய்யுங்கள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் பாராமல் 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். கூட வருகிற ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகளுக்குக் கச்சான், சோளப்பொரி, உருண்டை ரொபி கொடுக்க வேண்டாம், முந்திரிகைப் பழத்தை (திராட்சை) நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள், றம்புட்டான் என்றால் கொட்டை எடுத்து.

சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 பாகை தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். மத்தியானம் கொண்டுவந்து வைத்த முட்டைச் சாண்ட்விச்சை இரவு ஏழுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யாரும் யோசிப்பதில்லை.

கேக் இல்லாமல் அம்மம்மா, அப்பம்மா விடமாட்டார்கள் என்றால் வெட்டுங்கள், ஆனால் தொடக்கத்திலேயே வெட்டுங்கள். பட்டர் ஐசிங் எங்கள் வெயிலில் சரியும், ஐசிங் இல்லாத பட்டர் கேக்கோ வட்டிலப்பமோ போதும். நாலு மணிக்கு வந்த பிள்ளை நாலேகாலுக்குக் கேக் வெட்டி, கை கழுவி, நாலரைக்கு மாவில் கை வைத்து, ஆறு மணிக்கு வயிறு நிறைந்து வீட்டுக்குப் போகலாம். பெரிய பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள், கல்லைத் தேய்த்துக் கழுவுவதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். டச்சுப் பே கடற்கரைப் பக்கமோ கோட்டை வாசலிலோ வைத்துச் சாப்பிட்டால் லஞ்ச் ஷீட், பொலித்தீன் ஒன்றையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு வாருங்கள், அங்கே திரிகிற மான்கள் அதைத் தின்கின்றன. வாழையிலை என்றால் அந்தக் கவலையும் இல்லை.