கேவண்டிஷ் என்பது இலையின் பெயர் இல்லை

பைப்பில் புகைக்கும் கேவண்டிஷ் புகையிலையைப் பற்றி, "கேவண்டிஷ் தனி ரக இலை, இயல்பிலேயே நிகோட்டின் குறைவு, பைப் புகையை உள்ளே இழுக்காதவரை ஒன்றும் ஆகாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே சரியில்லை.

கேவண்டிஷ் ஒரு பதப்படுத்தும் முறை. வெர்ஜீனியா, பர்லி என்பவைதான் புகையிலை ரகங்கள். அவற்றில் எதுவானாலும் இலையை ஆவியில் வேகவைத்து, சூட்டோடு அழுத்தி, கொஞ்ச காலம் அப்படியே விட்டு நறுக்குவார்கள். ஆவி அதிகம் காட்டினால் கறுத்துவிடும். பிளாக் கேவண்டிஷ் அப்படித்தான் வருகிறது. வெனிலா, செர்ரி மணமெல்லாம் தயாரிப்பாளர் சேர்ப்பது. டின்னைத் திறந்ததும் கேக் வாசனை வருவதால் மென்மையான புகையிலை என்று தோன்றும், அவ்வளவுதான். புகையிலை எவ்வளவு கடுமையானது என்பது கலவையில் என்ன இலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பர்லி கூடுதலாக இருந்தால் நிகோட்டினும் கூடும்.

இன்னொன்று, இந்த இனிப்புக் கலவைகள் பெரும்பாலும் ஈரமானவை. அணைந்துவிடுமோ என்று வேகமாக இழுத்தால் சூடான நீராவி நாக்கைச் சுடும். மென்மையானது என்று நம்பி வாங்கிய புதியவர்தான் முதலில் நாக்கு எரிகிறது என்பார்.

அப்புறம் அந்த 'உள்ளே இழுப்பதில்லை' வாதம். காற்றில் உலர்த்திய பர்லி போன்ற இலைகளின் புகையில் காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) அதிகம். அதனால் நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். நுரையீரலுக்குப் போகும் புகை குறையலாம், ஆனால் உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் அப்படியே இருக்கிறது. பொழுதுபோக்காகப் பைப் பிடிப்பவர் இதைத் தெரிந்துகொண்டு பிடிக்கட்டும். "ஒன்றும் ஆகாது" என்ற வரியை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.