எங்கள் குறும்பட நாயகனின் இங்க் கறைச் சட்டையைத் துவைக்கச் சொன்னது யார்?

துவைத்துவிட்டார்கள். துவைத்து, சொட்டு நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பையில் வைத்து, இன்று காலை ஏழரை மணிக்கு என்னிடம் கொடுத்தார்கள். பொன்னாடை வாங்குகிறவனைப் போல இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மாணவர் குறும்படத்தில் உடைகளுக்கும் பொருட்களுக்கும் பொறுப்பு ஏற்ற பாவிகளுக்கு, மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். வயிறு எரிகிறது.

தூய வெள்ளைச் சட்டை வெயிலில் கேமராவுக்கு ஆகாது. படத்தில் சட்டை பளீரென்று வெறும் வெள்ளையாக வெடித்துவிடும், அதற்கேற்பக் கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். எனவே தேயிலை டிகாக்ஷனில் முக்கி எடுத்துக் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். அம்மாவின் குண்டானில் மூன்று சட்டைகளை முக்கினேன். நடுவில் இயக்குநர் போன் செய்து கதாநாயகனின் சைக்கிளுக்கு மணி வேண்டுமா வேண்டாமா என்று இருபது நிமிடம் பேசினார். மூன்றாவது சட்டை சந்நியாசம் வாங்கிவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று கறை படுவதற்கு முன், ஒன்று கறை பட்ட பின்.

கறை என்றால் சாதாரணக் கறையா? பிளஸ் டூ கடைசி நாள், ஒருவர் மேல் ஒருவர் இங்க் தெளித்துக்கொள்ளும் காட்சி. படத்தின் உச்சமே அதுதான். சனிக்கிழமை தூரத்துக் காட்சிகளை எடுத்தோம். இடது பைக்கு மேல் பெரிதாக ஒன்று, காலரில் இரண்டு, முதுகில் சிறிதாகப் பதினொன்று. எண்ணினேன். நான்கு பக்கமும் படம் பிடித்தேன். நோட்டில் வரைந்துகூட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அதாவது இன்று, அதே காட்சியின் நெருக்கக் காட்சிகள். அதே கறை அதே இடத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒட்டும். நாயகனிடம் மூன்று முறை சொன்னேன்: "கழற்றி என்னிடம் கொடு." உடை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான் மகராசன்.

வீட்டில் அவன் அம்மா இருக்கிறார்.

"இதைப் போட்டுக்கொண்டா தம்பி என் பிள்ளை சினிமாவில் நிற்பான்? நாலு பேர் பார்த்தால் என்னைத்தானே பேசுவார்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்."

"அந்தக் கறை வேண்டும் ஆன்ட்டி."

"கறை எதற்குத் தம்பி?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். இட்லித் தட்டை நீட்டினார். நாலு இட்லி சாப்பிட்டேன். ஐந்தாவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே உள்ளுக்குள் கத்தினேன். கைக்குச் சரியாக டபராவில் காபி வேறு வந்தது. இவ்வளவு உபசரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஒரு பட்டன் அறுந்திருந்தது, சண்டைக் காட்சிக்காக நானே அறுத்தது. அதையும் தைத்துவிட்டாராம். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இயக்குநருக்குப் போன் செய்தேன். "திரும்பத் தெளித்தால் போயிற்று" என்றார். தெளித்தோம். கஞ்சி போட்ட துணியில் இங்க் பரவாது ஐயா! சனிக்கிழமை பூவாக விரிந்த அதே இங்க், இன்று தாமரை இலைத் தண்ணீராக உருண்டு பேன்ட்டில் சொட்டியது. இப்போது காக்கி பேன்ட்டும் போச்சு.

இந்த இயக்குநர் இருக்கிறாரே, கதை நடப்பது 2001 மார்ச். நாயகன் கையில் டார்ச் வைத்த நோக்கியா 1100 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அது வெளிவந்ததே 2003-ல் என்றேன். "யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார். இதே மனிதர்தான் சைக்கிள் மணிக்கு இருபது நிமிடம் பேசியவர். மதிப்பெண் பட்டியலை அச்சடிக்கும் வேலையை ஒரு ஜூனியரிடம் கொடுத்தார். 600-க்கு 412 என்று அடித்துக்கொண்டு வந்தான். அந்தக் காலத்தில் பிளஸ் டூ 1200 மதிப்பெண்ணடா! அதற்குக் குறைவாக நம் அக்கா அண்ணன்கள் யாராவது திட்டு வாங்கியிருப்பார்களா?

வடபழனியில் ஒரு வாடகைக் கடைக்குப் போனேன். கிரீடம், கதாயுதம், நீதிபதி அங்கி, எல்லா அளவிலும் போலீஸ் உடை, எல்லாம் தொங்குகின்றன. பருமனான ஒரு பையனுக்குக் காக்கி பேன்ட் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யமன் வேட்டி இருக்கிறது, தரட்டுமா?" என்றார். அதற்கும் முன்பணம் கேட்டார்.

சரி, கறை ஒரே துவைப்பில் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ரீடேக் வந்தால் அலசி மறுபடி பயன்படுத்தலாம் என்று, துவைத்தால் போகிற ராயல் நீல இங்க்கைத் தேடிப் பிடித்து வாங்கியவன் நான்தான். சொந்தக் காசில். பாட்டில் லேபிளைப் படித்துப் பார்த்து வேறு வாங்கினேன். இன்று மத்தியானம் பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த லேபிளை மறுபடி படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. வாட்ச்மேன் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அதெல்லாம் போகட்டும். சாப்பாட்டுக் காட்சிக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தேன். பாட்டி பெயர் வெட்டியது. பையில் மூடி மட்டும்தான் இருக்கிறது. அடிப்பாகத்தை எடுத்துப் போனது எவன்? அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.