யார் பெயரால் போரைக் கைவிடுவது?

1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 நாடுகள், இனிப் போரை அரசுக் கொள்கையின் கருவியாக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டன. கெல்லாக்-பிரியாண்ட் ஒப்பந்தம். ஜப்பானியர்கள் இதை 'ஃபுசென் ஜோயாகு' என்பார்கள், அதாவது போரிடா ஒப்பந்தம். ஜப்பானுக்காகக் கையெழுத்திட்டவர் உச்சிதா கோசாய். பெயரை நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஜப்பானில் பெரிய ரகளை. போரை விடலாமா கூடாதா என்றல்ல. முதல் பிரிவில் 'தத்தம் மக்களின் பெயரால்' என்று ஒரு தொடர் இருந்தது, அதுதான் பிரச்சினை. அப்போதைய மெய்ஜி அரசியல் சட்டப்படி போர் அறிவிப்பதும் ஒப்பந்தம் செய்வதும் பேரரசரின் உரிமை. இதில் மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? இப்படிக் கேட்டுப் பிரதமர் தனாகாவின் அரசைப் போட்டுத் தாக்கியது எதிர்க்கட்சியான மின்செய்தோ. பெயரிலேயே மக்களாட்சியை வைத்திருந்த கட்சி! கடைசியில் 1929 ஜூனில், அந்தத் தொடர் எங்களுக்குப் பொருந்தாது என்று தனி அறிவிப்போடுதான் ஜப்பான் ஒப்புதல் தந்தது.

இதை வெறும் வார்த்தைச் சண்டை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. போரைக் கைவிடும் உரிமைகூட மக்களுக்கு இல்லையென்றால், போர் வரும்போது அவர்களை யார் கேட்கப்போகிறார்கள்?

யாரும் கேட்கவில்லை. 1931 செப்டம்பர் 18 இரவு, சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில், முக்டென் நகருக்கு அருகே தண்டவாளத்தில் குண்டு வைத்தது அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படையேதான். சேதம் மிகச் சிறியது, சற்று நேரத்தில் ஒரு ரயில் அதே வழியாகப் போயே விட்டது. பழியைச் சீனர்கள் மேல் போட்டு மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஜிஹென்', அதாவது சம்பவம். 1937இல் சீனாவோடு முழுப்போர் மூண்டு நான்ஜிங் வீழ்ந்த பிறகும் அதுவும் சம்பவம்தான். போர் என்று அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் குறுக்கே வந்து, அங்கிருந்து ஆயுதம் வாங்க முடியாது என்ற கணக்கும் இருந்தது.

1946இல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு 'ஜப்பானிய மக்கள்' என்றே தொடங்கிப் போரை நிரந்தரமாகக் கைவிடுகிறது. அதற்கு நாடு தோற்று, அமெரிக்கப் படை வந்து உட்கார வேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போருக்குப் பின் நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் இதே பாரிஸ் ஒப்பந்தத்தைக் காட்டித்தான் தலைவர்கள் மீது வழக்கு நடந்தது. உச்சிதா? 1932இல் வெளியுறவு அமைச்சராக, நாடே கருகிச் சாம்பலானாலும் மஞ்சூகுவோ (மஞ்சூரியாவில் ஜப்பான் அமைத்த பொம்மை அரசு) விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். 1936இல் காலமாகிவிட்டதால் கூண்டில் ஏறவில்லை.