கைபேசி ஒலியால் குடிநீர் சுத்தமாகுமா?

கைபேசியில் 528 ஹெர்ட்ஸ் ஒலியைப் பத்து நிமிடம் ஒலிக்கவிட்டால், அருகிலுள்ள குவளை நீரின் நச்சுகள் சிதைந்துவிடும், இதை ‘ஒலிவேதியியல்’ நிரூபித்துள்ளது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. ஒலிவேதியியல் உண்மையான துறைதான். அது இப்படிச் சொல்லவில்லை.

மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலி வேதிவினைகளை விரைவுபடுத்துவதை ரிச்சர்ட்ஸ், லூமிஸ் என்ற ஆய்வாளர்கள் 1927-இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் விவரித்தனர். ஒலியலை மூலக்கூறுகளை நேரடியாகத் தாக்குவதில்லை. 20 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள வலிய அலைகள் நீரில் நுண்குமிழிகளை உருவாக்கி, வளர்த்து, நொறுக்குகின்றன. நொறுங்கும் கணத்தில் குமிழிக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 5000 கெல்வினைத் தொட, அங்கே நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் இயங்குறுப்புகள் (தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பிறக்கின்றன. வினையைத் தொடங்குபவை அவைதான். மீயொலித் தொட்டியில் அமிழ்த்திய அலுமினியத் தாள் சிறிது நேரத்தில் குழிகுழியாகி, ஓட்டை விழுந்து வெளிவருவதே இக்குமிழிகளின் வலிமைக்குக் கண்கூடான சான்று.

இக்குமிழிகள் உருவாக நீருக்குள் சுமார் ஒரு வளிமண்டல அளவு, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் பாஸ்கல், அழுத்த ஏற்ற இறக்கம் வேண்டும். கைபேசி எழுப்புவதோ சில பாஸ்கல்கூட இல்லை. அதிலும் காற்றிலிருந்து நீருக்குள் நுழைவது ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே. (528 என்ற எண்ணுக்கு வேதியியலில் தனிச்சிறப்பு ஏதுமில்லை.)

ஐயமுள்ளோர் 1990-இல் ‘சயின்ஸ்’ இதழில் வேதியியலாளர் சஸ்லிக் எழுதிய ஒலிவேதியியல் கட்டுரையைப் பார்க்கலாம். வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் காய்ச்சாத, வடிகட்டாத நீரை யாரும் குடித்துவிடக்கூடும் என்பதால், அச்செய்தியை மேற்கொண்டு பகிராதீர்கள்.