ஒண்டும் ஒண்டும் ஒண்டும் மூண்டுதானே மச்சான்?

கல்லடிப் பாலத்தடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது காத்தான்குடி முஸ்லிம் நண்பன் கேட்டது இது, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று கிறிஸ்தவர்கள் நாங்கள் சொல்லும் திரித்துவத்தைப் பற்றி. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்மஸ் கேக்கும் மாறி மாறிப் போய்வரும் வீடுகள் எங்களுடையவை, அதனால் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, நான் சொன்ன பதில் அவ்வளவு மோசம். தண்ணீர், ஐஸ், நீராவி மூன்றும் ஒன்றுதானே என்று ஞாயிறு பாடசாலையில் படித்ததை அப்படியே எடுத்துவிட்டேன்.

அது திரித்துவமே இல்லை. ஒரே கடவுள் மூன்று வேஷம் போடுகிறார் என்ற, சபேலியு என்ற பழைய போதகரின் போதனை அது, திருச்சபை 3ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெறும்போது குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது. வேஷம்தான் என்றால் பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? 1×1×1=1 என்று சொல்வதும் அதே மாதிரி சமாளிப்புத்தான். ஏன் பெருக்க வேண்டும் என்று யாராவது திருப்பிக் கேட்டால் வாயை மூட வேண்டியதுதான்.

நாம் சொல்வது மூன்று கடவுள் சேர்ந்து ஒரு கடவுள் என்றல்ல. என்ன என்று கேட்டால் விடை ஒன்றுதான், கடவுள். யார் என்று கேட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒரே கேள்விக்கு ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால்தான் முரண். தமிழில் இதற்கு 'ஆள்' என்ற சொல்லைப் போட்டதால் வந்த சிக்கலும் உண்டு, மூன்று ஆள் என்றதும் நமக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிற மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் லத்தீனிலும் சொல் கச்சிதமாக அமையவில்லை. பேசாமல் இருக்க முடியாததால்தான் இந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனே ஒப்புக்கொண்டவர்.

திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லையே என்பார்கள். இல்லைதான். கடவுள் ஒருவரே என்ற இஸ்லாமியக் கொள்கையைக் குறிக்கும் தவ்ஹீத் என்ற சொல்லும் குர்ஆனில் அதே வடிவத்தில் இல்லை, அதற்காக அந்தக் கருத்து அங்கே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நம்மவர்களுக்கு ஒன்று: பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று வருவதைத் தயவுசெய்து ஆதாரமாகத் தூக்காதீர்கள். ஆதிக் கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. அது இல்லாமலே வழக்கு நிற்கும். மத்தேயு 28:19இல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவருக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது ஒருமையில் நாமம், நாமங்கள் அல்ல.

அப்புறம் இந்தக் கொன்ஸ்தந்தீன் கதை. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் ரோமப் பேரரசன் ஓட்டெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிக்கேயாவுக்குச் சுமார் 270 வருடம் முன்பே அப்போஸ்தலர் பவுல், யூதர்கள் நாள்தோறும் சொல்லும் "கர்த்தர் ஒருவரே" என்ற அறிக்கையை எடுத்து அதற்குள் இயேசுவையும் வைத்து எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 8:6). கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைக் கடவுளாக நினைத்துப் பாடுகிறார்கள் என்று 112 அளவில் பேரரசன் திராயானுக்கு எழுதியவர் ரோம ஆளுநர் பிளினி, அவர் கிறிஸ்தவரே இல்லை. அரசன் போட்ட சட்டம் என்றால், கொன்ஸ்தந்தீனின் மகன் கொன்ஸ்தாந்தியு ஏன் குமாரன் பிதாவுக்குச் சமம் என்ற நிக்கேயாவின் முடிவை ஏற்காத எதிரணியை ஆதரித்தான்? நிக்கேயாவுக்காக நின்ற ஆயர் அத்தனாசியு ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். நிக்கேயாவில் ஆவியானவரைப் பற்றி ஒரே ஒரு சின்ன வரிதான், மிச்சத்தை 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய அடுத்த சங்கத்தில்தான் விரித்தார்கள்.

"பிதா என்னிலும் பெரியவர்" என்று இயேசுவே சொன்னாரே? சொன்னார், அடிமையின் ரூபமெடுத்து மனிதனாக நின்ற நிலையில். ஆனால் உலக முடிவு வரும் அந்த நாளை குமாரனும் அறியார் என்ற மாற்கு 13:32 எனக்கு இன்றைக்கும் இலேசாக இல்லை. மனுஷீகத்தில் அறியவில்லை என்ற பழைய விளக்கத்தைத்தான் ஏற்கிறேன், அதோடு கொஞ்சம் மல்லுக்கட்டிக்கொண்டுதான்.

இதையெல்லாம் போன கிழமை அதே கடையில் அவனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப நீ துஆ கேக்கக்குள்ள ஆருக்கிட்டடா கேக்கிற?" என்றான்.

இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் நாளே அவனிடம் எதிர்பார்த்திருக்க வேண்டும். நாங்கள் ஜெபிப்பது பிதாவிடம், குமாரன் வழியாக, ஆவியானவர் துணையோடு என்றேன். "மூணு பேரும் வேணுமா?" என்று சிரித்தபடி இன்னொரு பிளேன்டீக்குச் சொன்னான்.