கிளாஸ்னெவின் சுவரில் அந்தப் பெயர்கள் இருந்திருக்க வேண்டும்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் 2016இல் திறக்கப்பட்ட நினைவுச் சுவரிலிருந்து பெயர்களை அகற்றியது பெரும் தவறு என்றே கருதுகிறேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் உயிரிழந்த கிளர்ச்சியாளர்கள், பிரிட்டிஷ் சிப்பாய்கள், காவலர்கள், பொதுமக்கள் என அனைவரின் பெயர்களும், யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற குறிப்பே இல்லாமல், இறந்த நாளின் வரிசைப்படி அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. 2017இல் அதன்மீது பெயிண்ட் வீசினார்கள். 2020இல் சம்மட்டியால் அடித்துச் சிதைத்தார்கள். கடைசியில் தோட்டத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளை அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

எதிர்த்தவர்களின் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நார்த் கிங் தெருவில் பிரிட்டிஷ் படையினர் வீடு வீடாகப் புகுந்து, ஆயுதம் ஏந்தாத ஆண்களைக் கொன்றார்கள். மாண்டவர்களின் பெயர்களோடு கொன்ற தரப்பின் பெயர்களும் ஒரே கல்லில் இருப்பதை அவர்களின் வழிவந்தவர்கள் எப்படிச் சகிப்பார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மவுண்ட் தெருப் பாலத்தருகே சுடப்பட்டு விழுந்த ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவினரில் பலர் பயிற்சிகூட நிறைவு பெறாத இளைஞர்கள். தாங்கள் வந்திறங்கிய இடம் பிரான்ஸ் என்றே நினைத்தவர்களும் அவர்களில் இருந்ததாகச் சொல்வார்கள். அதே வாரத்தில், முதல் உலகப் போரில், பிரான்சின் ஹுல்லுக் போர்முனையில் ஜெர்மானியரின் நச்சுவாயுவுக்குப் பலியானவர்களோ பிரிட்டிஷ் சீருடை அணிந்த ஐரிஷ்காரர்கள். சீருடையைப் பார்த்து நம்மவர், பிறர் என்று பிரித்துவிட முடியாத காலம் அது.

கத்தோலிக்கர்கள் தங்கள் முறைப்படி அடக்கம் செய்ய இடமின்றித் தவித்த நிலையில், எல்லா மதத்தவருக்கும் மதமற்றவருக்கும் உரிய இடமாக கத்தோலிக்கரின் உரிமைகளுக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானல் முன்னின்று 1832இல் உருவாக்கிய தோட்டம் இது. பின்னாளில் அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற தலைவர்கள் மைக்கேல் காலின்ஸ், டி வலேரா இருவருமே இங்குதான் அடக்கமாகியிருக்கிறார்கள். உலகப் போர்களில் மாண்ட 200க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்களும் இதே மண்ணில் இருக்கிறார்கள். 2014இல் அவர்களுக்காக, முகப்பில் வெண்கல வாள் பதித்த கற்சிலுவை திறக்கப்பட்டபோதும் எதிர்ப்புக் கூச்சல் எழத்தான் செய்தது. அதற்கிடையேதான் அயர்லாந்தின் அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் உரையாற்றினார். அந்த உறுதியைச் சுவர் விஷயத்திலும் காட்டியிருக்கலாம்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. எழுச்சியில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பொதுமக்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சிப்பாய்களின் பெயர்கள் மீதான கோபத்தில், எந்தப் பக்கமும் சேராத இவர்களின் பெயர்களும் சேர்ந்தே அகற்றப்பட்டுவிட்டன. முழுப் பட்டியலையும் மீண்டும் பொறிக்க இப்போது மனம் வரவில்லையென்றால், முதலில் அந்தப் பொதுமக்களின் பெயர்களையாவது அறக்கட்டளை அதே தோட்டத்தில் திரும்பப் பொறிக்கட்டும்.