குடித்தால் பசிக்கும் என்பது பாதி உண்மை

குடியும் பசியும் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், மொடாக்குடியில் பசி மரத்துப்போகும் என்று எழுதியிருப்பது சரிதான். எங்கள் சித்தப்பா மேலூர்ப் பக்கம் லோடு ஏற்றும் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் குடித்த இரவுகளில் நாலு பரோட்டா, சால்னா, ஒரு கலக்கி என்று வெளுத்துக்கட்டுவார். ஏழெட்டு வருடத்தில் அதே மனிதர் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். காலையில் குமட்டல் வேறு. கேட்டால், "வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குத்தா" என்பார்.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி வீதம் 400-க்கு மேல் உள்ளே போகிறது, ஆனால் புரதமோ வைட்டமினோ கிடையாது. இரைப்பையும் குடலும் கெட்டுப்போனால் தின்ற கொஞ்சமும் உடம்பில் ஒட்டாது. தொப்பை இருக்கிறதே என்று நாங்களும் ஏமாந்தோம் (நீர் கோத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது). கைகால் குச்சியானதை யாரும் கவனிக்கவில்லை.

கட்டுரை விட்டுவிட்டது தயமினை, அதாவது வைட்டமின் பி1. அது மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், புத்தி குழம்பும். நாம் போதை தெளியவில்லை என்று படுக்கப் போட்டுவிடுவோம். இப்படிப்பட்டவருக்கு டாக்டர்கள் குளுக்கோஸோடு, முடிந்தால் அதற்கு முன்பே, தயமின் ஊசி போடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். எங்கள் சித்தி வெட்கப்பட்டு முதல் நாள் சொல்லவே இல்லை.